பஞ்சுருட்டானுக்கு முதலில் நிறம் கிடையாது

எனக்குப் பறவை வரையக் கற்றுக்கொடுத்தவர், வண்ணப் பெட்டியை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் முதல் பாடத்தைத் தொடங்கினார். பச்சையும் நீலமும் இல்லாமல் பஞ்சுருட்டானை எப்படி சார் வரைவது என்று கேட்டேன். "அதைத்தான் நானும் பாக்கணும் வே" என்று சொல்லி 2பி பென்சில் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

அவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். பாளையங்கோட்டையில் வீடு. பெயர் போட்டு எழுதக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. நான் டிடிபி சென்டர் நடத்துகிறவன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இவைதான் தொழில். கம்ப்யூட்டரில் ஒரு நிறம் வேண்டுமென்றால் ஏதாவது ஒரு படத்தின் மேல் சுட்டியை வைத்து ஒரு தட்டு தட்டினால் போதும், நிறம் வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் இருந்தவனுக்குப் பென்சில் மட்டும் வைத்துப் பாடம் எடுத்தார் என்றால், காரணம் இல்லாமல் இருக்காது.

பஞ்சுருட்டான் குடும்பத்தில் உலகம் முழுக்க முப்பதை ஒட்டிய எண்ணிக்கையில் இனங்கள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவில்தான் அதிகம். அமெரிக்கக் கண்டங்களில் ஒன்றுகூட இல்லை. தமிழ்நாட்டில் மேற்குத்தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் போனால் நீலத்தாடிப் பஞ்சுருட்டானையும், அடிவாரத்தில் செந்தலைப் பஞ்சுருட்டானையும் பார்க்கலாம். எங்களைப் போன்ற சமவெளிக்காரர்களுக்குக் கிடைப்பவை இரண்டு. வருஷம் முழுக்க வேலியிலும் கரண்டு கம்பியிலும் இருக்கிற சின்னப் பச்சைப் பஞ்சுருட்டான் ஒன்று. மழைக்காலத்தை ஒட்டி வந்து கோடை முற்றுவதற்குள் போய்விடுகிற நீலவால் பஞ்சுருட்டான் மற்றொன்று. மாஸ்டர் எனக்கு வைத்த பாடம் இந்த இரண்டையும் ஒரே தாளில், பெயர் எழுதாமல், நிறம் தீட்டாமல், பார்க்கிறவர் பிரித்துச் சொல்லும்படி வரைவது.

யாரிடம் கேட்டாலும் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது சுலபம் என்பார்கள். ஒன்றுக்கு வால் பச்சை, மற்றதுக்கு நீலம். பெயரிலேயே இருக்கிறதே! ஆனால் இந்த விடை வெளியில் இறங்கினால் பாதி நேரம் உதவாது. கம்பியில் இருக்கிற பறவையை நாம் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறோம். அதன் பின்னால் வெளிச்சமான வானம். வாலின் அடிப்பக்கம் இரண்டிலும் மங்கல் சாம்பல்தான். நீலம் இருப்பது மேல்பக்கத்தில். காலையில் சூரியனுக்கு எதிரே நின்றால் பறவை முழுக்கக் கறுப்பு நிழல். வண்ணப் பெட்டியைப் பூட்டியதற்கு இதுவே அவர் சொன்ன முதல் காரணம்: "நெழலுக்கு நீலம் ஏது, பச்சை ஏது? அப்பவும் உமக்குத் தெரியணும்லா."

வாலின் நடுவில் கம்பி மாதிரி நீண்டு நிற்கும் இரண்டு இறகுகளையும் நம்ப முடியாது. அவை இரண்டு இனத்துக்கும் உண்டு. பச்சையில் ஐந்து செ.மீ. வரை, நீலவாலில் ஏழு செ.மீ. வரை வெளியே நீளும். இளம்பறவைகளுக்கு இவை இருக்காது. பெரிய பறவைகளிலும் ஒடிந்தோ உதிர்ந்தோ போயிருக்கலாம். படத்தில் அந்தக் கம்பியைப் போட்டுவிட்டால் பஞ்சுருட்டான் என்று எவரும் சொல்லிவிடுவார்கள், எந்தப் பஞ்சுருட்டான் என்று சொல்ல மாட்டார்கள். ஆகையால் வண்ணத்தோடு வாலும் தடை. வாலை மொட்டையாக விட்டுவிட்டு வரைய வேண்டும்.

பாக்கி என்ன இருக்கிறது? உடம்பு இருக்கிறது.

பாடசாலை எங்களுக்கு மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம் போகிற சாலை. இரண்டு பக்கமும் குடைபிடித்த உடைமரங்கள், இடையிடையே பனை, மழை நன்றாகப் பெய்த வருஷமென்றால் தண்ணீர் கட்டிய குளங்கள். கூந்தன்குளத்துக்கு வருகிறவர்கள் பூநாரையையும் வரித்தலை வாத்தையும் தேடி நேரே சரணாலயத்துக்குப் போய்விடுவார்கள். நாங்கள் அதற்கு முன்னாலேயே பைக்கை நிறுத்திவிடுவோம்.

பச்சைப் பஞ்சுருட்டானை வரைவதற்கு விடிகாலைதான் நேரம். மார்கழி, தை மாதக் காலையில் அது சோம்பேறி. இரவில் கூட்டமாக ஒரே மரத்தில் அடையும். காலையில் வெயில் படும் கிளையில் வரிசையாக, தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரும். தேனீயும் குளவியும் வெயில் ஏறிய பிறகுதான் பறக்கும். அதற்கு முன்னால் கிளம்பி என்ன பயன் என்பது பறவையின் கணக்கு. வரைகிறவனுக்கு அது பெரிய உதவி. அசையாத மாடல் காசில்லாமல் கிடைக்கிறது. ஸ்கோப்பை ஸ்டாண்டில் பொருத்தி, ஒரு கண்ணை அதில் வைத்து, மற்றக் கண்ணால் தாளைப் பார்த்து வரைய வேண்டும். இரண்டு கண்ணையும் தனித்தனியாக வேலை வாங்குவது பழக நாளாகும். தலை வலிக்கும்.

மாஸ்டர் பத்து வரை சத்தமாக எண்ணுவார். அதற்குள் நான்கு கோடு போட வேண்டும். முதுகெலும்பு சாயும் கோணத்துக்கு ஒரு கோடு, தலைக்கு ஒரு வளைவு, அலகுக்கு ஒரு கோடு, வயிற்றுக்கு ஒரு வளைவு. பத்து முடிந்தால் பக்கத்தைப் புரட்டி அடுத்த பறவை. ரப்பர் கிடையாது. ஒரு காலை முழுக்க இப்படியே போகும். இதில் கை வேகம் வருகிறதோ இல்லையோ, கண்ணுக்கு ஒரு ஒழுங்கு வந்துவிடுகிறது. எண்ணிக்கை ஓடும்போது இறகு விவரத்துக்குப் போக முடியாது. எது பெரிதோ அதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படிப் பார்த்தால் பச்சைப் பஞ்சுருட்டானில் பெரிதாகத் தெரிவது தலைதான். மொத்த உடம்பே, வால்கம்பியை நீக்கிவிட்டால், பதினாறிலிருந்து பதினெட்டு செ.மீ. எடை பதினைந்திலிருந்து இருபது கிராம். இந்தச் சின்ன உடம்பில் தலை உருண்டையாக, கழுத்தே இல்லாத மாதிரி நேரே தோளில் உட்கார்ந்திருக்கிறது. குளிரில் இறகைப் புடைத்துக்கொண்டால் இன்னும் உருண்டை. அலகு மெல்லியது, லேசாகக் கீழே வளைந்தது. நீலவால் பஞ்சுருட்டான் 23-லிருந்து 26 செ.மீ., எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அளவு பெரிதானதும் உறுப்புகள் எல்லாம் ஒரே விகிதத்தில் பெரிதாகிவிடுவதில்லை. நெற்றி தட்டையாகச் சரிந்து அலகோடு சேர்கிறது. அலகு நீளம், அடியில் கனம். மடக்கிய சிறகின் நுனி வாலின் மேல் நீண்டு படுத்திருக்கிறது. சின்னப் பறவையைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்தால் நீலவால் கிடைக்காது என்பதுதான் இந்தப் பாடத்தின் மையம். ஒரு தாளில் இரண்டையும் ஒரே உயரத்துக்கு வரைந்தாலும் எது எது என்று தெரிய வேண்டும் என்று மாஸ்டர் பிடிவாதமாகச் சொன்னது இதற்காகத்தான். கம்பியில் தனியாக ஒரு பறவை உட்கார்ந்திருக்கும்போது அது பெரியதா சின்னதா என்று அளக்கப் பக்கத்தில் ஒன்றும் இருக்காது.

கால்களைப் பற்றி ஒரு வார்த்தை. பஞ்சுருட்டான் இரண்டுக்கும் கால் மிகக் குட்டை, விரல்கள் பலவீனமானவை. முன்பக்கத்து விரல்கள் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். மீன்கொத்திக்கும் இப்படித்தான். உட்காருவதற்கும் மண்ணைப் பின்னுக்குத் தள்ளுவதற்கும் போதும், நடப்பதற்கு உதவாது. பல நூல்களில் பறவையின் காலைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று கிளையிலிருந்து உயர்த்தி வரைந்திருப்பார்கள். நேரில் பார்த்தால் வயிற்று இறகு கிளையையே தொட்டுக்கொண்டிருக்கும், கால் தெரியவே தெரியாது. தெரியாததை வரையாதே என்பது டிராயிங் வகுப்பில் முதல் வருஷம் சொல்கிற விதி. பறவை நூல் வரைகிறவர்களே அதை மறந்துவிடுகிறார்கள்.

உட்கார்ந்திருக்கும் பறவை ஓரளவு கைவந்த பிறகு மாஸ்டர் பறக்கிற பறவைக்கு வந்தார். இரண்டுக்கும் குணம் பிரிவது இங்கேதான்.

பச்சை, பக்கத்துக் கடைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்கிக்கொண்டு உடனே வீடு திரும்புகிற ஆள் மாதிரி. தாழ்ந்த கிளை, வேலிக்கல், சில சமயம் மேய்கிற மாட்டின் பக்கத்துக் குச்சி, ஏதோ ஒன்றில் உட்கார்ந்திருக்கும். பூச்சி பறந்தால் சடசடவென்று நாலைந்து முறை சிறகடித்துப் போய்ப் பிடித்து, ஒரு வட்டம் போட்டு, பெரும்பாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். ஆகவே வரைகிறவன் அதைத் துரத்த வேண்டியதில்லை. கிளையை முதலிலேயே வரைந்து வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். பறவை வந்து படத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

நீலவால் அப்படி இல்லை. குளத்துக்கு மேலே உயரத்தில் சுற்றும். சிறகை விரித்து அசைக்காமல் வழுக்கிக்கொண்டே வரும், திடீரென்று திரும்பும், மறுபடி வழுக்கும். தட்டான்கள் பறக்கிற தண்ணீர்ப் பக்கத்தை விட்டு அதிகம் விலகாது. அதன் உணவில் தேனீ, குளவியோடு தட்டானுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. கூட்டமாக வரும்போது பார்ப்பதற்கு முன்னால் கேட்கிறது. தொண்டைக்குள் உருட்டிவிடும் "பிர்ரிப், பிர்ரிப்" உயரத்திலிருந்து இறங்கும். பச்சையின் குரலும் உருட்டல்தான். ஆனால் மெல்லியது, உயர்ந்த சுருதி, வேலி மட்டத்திலேயே கேட்டு அங்கேயே முடிந்துவிடும்.

பறக்கும் நீலவாலை வரையும்போது மாஸ்டர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே: "வாலை விடும் வே. சிறகு நுனியைப் பாரும்." சிறகு நீளமாக, கூராக, கிட்டத்தட்ட முக்கோணமாக இருக்கிறது. பச்சையின் சிறகு குட்டை, நுனி கொஞ்சம் மழுங்கல். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு. பச்சை இந்த ஊர்க்காரன். நாள் முழுக்க அதற்கு வேண்டியதெல்லாம் சின்னச் சின்னப் பாய்ச்சல்கள். நீலவால் வலசைப் பறவை. தமிழ்நாட்டில் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் வந்து மார்ச், ஏப்ரலில் கிளம்பும். தென்னிந்தியாவிலேயே கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் காவிரிக் கரையில் கூட்டமாகக் கூடு வைக்கிறது. இலங்கையின் கிழக்குக் கரையிலும் வைக்கிறது. வட இந்தியா, பர்மா என்று அதன் இனப்பெருக்க நாடு விரிந்துகிடக்கிறது. நெடுந்தூரம் போகிற பறவைக்குக் கூர்மையான நீண்ட சிறகு என்பது பல பறவைக் குடும்பங்களில் காணக்கூடிய ஒன்று. முக்கோணத்தைச் சரியாகப் போட்டுவிட்டால் வலசையையே வரைந்த மாதிரிதான்.

பூச்சியைக் கொல்லும் விதம் இரண்டுக்கும் பொது. ஆனால் பூச்சிக்குத் தக்கபடி மாறுகிறது. தட்டான் கிடைத்தால் கிளையில் இரண்டு பக்கமும் அடித்து நசுக்கி விழுங்கும். தேனீ என்றால் முதலில் தலைப்பக்கம் அடிக்கும். பிறகு அலகில் நகர்த்தி, வயிற்று நுனியைப் பிடித்து, கிளையின் மேல் வேகமாக இழுத்துத் தேய்க்கும். விஷம் வெளியே பீய்ச்சிக் கிளையில் படிந்துவிடும், கொடுக்கும் போய்விடும். மறுபடி நாலு அடி, பிறகு விழுங்கல். இந்தக் குடும்பத்தைப் பற்றி 1984-ல் தனி நூலே எழுதிய ஹிலரி ஃப்ரை, விஷமுள்ள பூச்சியையும் இல்லாததையும் இவை வேறுவேறாகக் கையாள்வதை விரிவாக ஆராய்ந்தவர். எனக்கு இது வரைவதற்குத் தேவைப்பட்ட செய்தி. அடிக்கும்போது தலை பக்கவாட்டில் சாயும். தேய்க்கும்போது தலை தாழ்ந்து, முதுகு வளைந்து, கண் பாதி மூடியிருக்கும். இரண்டும் வேறு தோற்றங்கள். படத்தில் தேய்க்கும் தோற்றத்தில் பறவையை வைத்துவிட்டு அலகில் தட்டானைச் சொருகினால், விவரம் தெரிந்தவர் சிரிப்பார்.

இவ்வளவு பாடு எதற்கு, கேமராவை எடுத்துக்கொண்டு போனால் ஒரே சொடுக்கில் வேலை முடிந்துவிடாதா என்று என் கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. புகைப்படம் ஒரு பறவையை ஒரு வெளிச்சத்தில் ஒரு நொடியில் காட்டும். அந்த நொடியில் அது கழுத்தைச் சுருக்கியிருந்தால் பச்சைக்குக் கழுத்தே இல்லை, நீட்டியிருந்தால் நீலவால் மாதிரி இருக்கும். வரைகிறவன் பல பறவைகளைப் பல காலைகளில் பார்த்து, பொதுவாக நிற்பதை மட்டும் எடுத்துத் தாளில் வைக்கிறான். அடையாளம் காட்டும் நூல்களில் இன்றைக்கும் ஓவியத் தகடுகள் ஒழியாமல் இருப்பது பழமைப் பாசத்தால் அல்ல. அந்த வேலையை அவை இன்னும் நன்றாகச் செய்கின்றன.

மாஸ்டருக்கு இந்த விஷயத்தில் ஊர்ப்பெருமையும் உண்டு. இயற்கையைப் பற்றி எழுதியும் வரைந்தும் வாழ்ந்த மா. கிருஷ்ணன் 1912-ல் பிறந்தது திருநெல்வேலியில். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் "கன்ட்ரி நோட்புக்" என்ற பத்தியை எழுதினார், அதற்கான படங்களையும் தாமே வரைந்தார். தமிழில் அவர் எழுதியவற்றைத் தியடோர் பாஸ்கரன் "மழைக்காலமும் குயிலோசையும்" என்று தொகுத்திருக்கிறார். மாஸ்டரிடம் அந்தப் புத்தகத்தின் பிரதி அட்டை பிய்ந்த நிலையில் இருக்கிறது, இரவல் தர மாட்டார். கிருஷ்ணன் அந்தப் பத்தியைத் தொடங்கியதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னால், 1840-களில், ஜெர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் தென்னிந்தியப் பறவைகளைப் பற்றி மதராஸில் வெளியிட்ட படநூலுக்கு உள்ளூர் ஓவியர்களும் வரைந்திருக்கிறார்கள். நம் கை புதிதாக இந்த வேலைக்கு வரவில்லை.

ஒரு வழியாகப் பீரோ திறந்தது. வண்ணப் பெட்டி வெளியே வரும் என்று பார்த்தால், ஒரு மயிலிறகு வந்தது. அதன் கண்ணை ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று பார்க்கச் சொன்னார். நீலம், பச்சை, செம்பு எல்லாம் பளபளத்தன. பிறகு அதே இறகை ஜன்னலுக்கு நேரே, வெளிச்சம் பின்னால் வரும்படி பிடிக்கச் சொன்னார். எல்லாம் அணைந்து வெறும் பழுப்பு. பறவை இறகின் நீலம் சாயம் கிடையாது. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறுவதால் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது. நீல இறகு ஒன்றை இடித்துப் பொடியாக்கினால் நீலம் போய்விடும். மஞ்சளும் செந்நிறமும் வேறு ரகம், அவை பெரும்பாலும் இறகில் உண்மையிலேயே உள்ள நிறமிகள். மயிலுக்கும் பஞ்சுருட்டானுக்கும் நுண்ணமைப்பு ஒன்றல்ல, மயிலைப் போலப் பஞ்சுருட்டானின் நீலம் கோணத்துக்குக் கோணம் மாறி மின்னாது. ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் இரண்டும். என் கடையில் சுட்டியை வைத்து உறிஞ்சிய நீலம் எந்த நேரத்து, எந்தப் பக்கத்து நீலம் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

பிறகே கேம்லின் வண்ணப் பெட்டியைத் திறந்தார். நிறம் தீட்டுகிற கட்டத்தில் இரண்டு பறவைகளுக்கும் தொண்டைதான் முக்கியமான இடம், வால் அல்ல. பச்சைக்கு எங்கள் பக்கத்துப் பறவைகளில் தொண்டை நீலம் கலந்த பச்சை. அதற்குக் கீழே கழுத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு, மணிமாலை போட்ட மாதிரி துல்லியமாக. உச்சந்தலையில் பொன்னும் காவியும் கலந்த ஒரு மினுமினுப்பு. நீலவாலுக்கு மோவாயில் மஞ்சள், தொண்டையில் செங்காவி, அது கீழே இறங்கி மார்புப் பச்சையில் கரைந்துவிடும். இடையில் கோடு கிடையாது. முதுகின் பச்சையிலும் ஒரு வெண்கலச் சாயல் இருக்கும், பிட்டத்திலிருந்து வால்வரை நீலம். கண்ணை மறைத்து ஓடும் கறுப்புப் பட்டையும், வளர்ந்த பறவையின் சிவந்த கண்ணும் இரண்டுக்கும் பொது. ஆண், பெண் வித்தியாசம் இரண்டிலும் பார்வைக்குத் தெரியாது என்பதால் தாளில் இடம் மிச்சம்.

வாட்டர்கலரில் இது இரண்டு வேறு வித்தை. நீலவாலின் தொண்டைக்குத் தாளை முதலில் தண்ணீரால் நனைத்து, ஈரத்தின் மேலேயே மஞ்சளை வைத்து, அது காய்வதற்குள் பர்ன்ட் சியன்னாவை, அதுவும் காய்வதற்குள் பச்சையை விட வேண்டும். மூன்றும் தாமாகவே ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தால் சேறு. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பதுதான் அங்கே தொழில். பச்சையின் மாலைக்கு நேர்மாறு. தொண்டை நன்றாகக் காய்ந்த பிறகு, மெல்லிய பிரஷ்ஷில் நீர் குறைந்த கறுப்பை எடுத்து, மூச்சை அடக்கி ஒரே இழுப்பு. இரண்டாவது இழுப்புக்கு இடமில்லை. கரைவது ஒன்று, கோடாக நிற்பது மற்றது என்று கைக்குப் பதிந்துவிட்டால், இருபதடி தூரத்தில் வேலியில் இருக்கும் பறவையின் தொண்டையைக் கண் தானாகவே தேடுகிறது.

கடைசியாக மாஸ்டர் எனக்கு ஒரு மூன்றாவது பறவையை அறிமுகப்படுத்தினார், நூல்களின் வழியாகத்தான். நீலக்கன்னப் பஞ்சுருட்டான். மத்திய ஆசியா, ஈரான், பாகிஸ்தான், நம் வடமேற்கு மாநிலங்கள் ஆகியவற்றில் கூடு வைத்து, குளிர்காலத்துக்கு ஆப்பிரிக்கா போகிற பறவை. தமிழ்நாட்டில் காண்பது அரிது. நீலவாலுக்கு மிக நெருங்கிய உறவு. மடகாஸ்கரிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் உள்ள இன்னொரு பஞ்சுருட்டானோடு சேர்த்து இவை எல்லாவற்றையும் ஒரே இனம் என்றே சில அறிஞர்கள் ஒருகாலத்தில் வகைப்படுத்தியிருந்தார்கள். வடிவத்தில் நீலவாலும் நீலக்கன்னமும் ஏறக்குறைய ஒன்று. மஞ்சள் மோவாய், செந்தொண்டை, கூர்ச்சிறகு எல்லாம் இரண்டுக்கும் உண்டு. அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? நீலக்கன்னத்தில் கறுப்புப் பட்டைக்கு மேலும் கீழும் வெளிர்நீலம் அகலமாக இருக்கும், நெற்றி வெளுத்திருக்கும், வால் பச்சையாகவே இருக்கும். நீலவாலில் முகத்து நீலம் மெல்லிய விளிம்பு மட்டும், வால் நீலம். இத்தனை நாள் பார்க்காதே என்று தடுத்த வாலை இப்போது பார் என்றார். பச்சைக்கும் நீலவாலுக்கும் நடுவே கடைசியாகப் பார்க்க வேண்டிய வால், நீலவாலுக்கும் நீலக்கன்னத்துக்கும் நடுவே முதலில் பார்க்க வேண்டியதாகிவிடுகிறது. எந்த அடையாளம் உதவும் என்பது எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. நூல்களில் இனத்துக்கு ஒரு அடையாளம் என்று அச்சடித்துவிடுகிறார்கள். படிக்கிறவர்கள் அதை மனப்பாடம் செய்துகொண்டு வெளியில் இறங்குகிறார்கள்.

மார்ச் முடியும்போது நீலவால் கூட்டங்கள் ஒன்றொன்றாகக் கிளம்பிவிடும். அப்போது பச்சைக்கு வேலை தொடங்குகிறது. செங்குத்தான மண் சுவரில், சில சமயம் வெறும் சரிவிலேயே, அலகால் குத்திக் காலால் தள்ளிச் சுரங்கம் தோண்டும். ஐந்தடி நீளம்வரைகூடப் போகும். உள்ளே வெறும் மண்ணில் வெள்ளையான, ஏறக்குறைய உருண்டையான முட்டைகள் மூன்றிலிருந்து ஐந்து. நீலவால் பெருங்கூட்டமாகக் கூடு வைக்கும். பச்சை தனித்தோ, விட்டுவிட்டுச் சில கூடுகளாகவோ வைக்கும்.

கூடு இருக்குமிடத்தில் வரைய உட்காருவதற்கு மாஸ்டர் ஒரு விதி வைத்திருந்தார்: "பொந்து உமக்குத் தெரியாத எடத்துல உக்காரும்." பொந்தைப் பார்த்தால்தானே பறவை நுழைவதை வரைய முடியும்? இதற்குப் பதில் ஒரு ஆய்வில் இருக்கிறது. மிலிந்த் வாட்வேயும் அவரோடு சேர்ந்தவர்களும் 2002-ல் வெளியிட்டது. பச்சைப் பஞ்சுருட்டான் கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும்போது, அந்த ஆளுக்குப் பொந்து தெரிகிற இடமாக இருந்தால் பறவை உள்ளே நுழையத் தயங்குகிறது. அதே தூரத்தில், பொந்து அவருக்குத் தெரியாதபடி மறைவான இடத்தில் நின்றால் சீக்கிரம் நுழைந்துவிடுகிறது. தன்னை யார் பார்க்கிறார்கள் என்பதோடு நிற்காமல், பார்க்கிறவருக்கு எது தெரியும் என்பதையும் அந்த இருபது கிராம் பறவை கணக்கில் எடுக்கிறது. எனவே நாங்கள் மண் சுவரின் பக்கவாட்டில், பொந்து தெரியாத கோணத்தில் உட்காருவோம். பூச்சியோடு வந்து பக்கத்துக் குச்சியில் நிற்கும் பறவை கிடைக்கும். அது போதும்.

இதைப் படிக்கிறவர்களில் குளத்துப் பாசனத்தோடு தொடர்புள்ளவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். கோடையில் குளம் வற்றியதும் வண்டல் மண் எடுப்பு தொடங்கும். நிலத்துக்கு அது தேவை, வேண்டாம் என்று சொல்லவில்லை. பொக்லைன் வெட்டிவிட்டுப் போகிற செங்குத்துச் சுவர்தான் பச்சைப் பஞ்சுருட்டானுக்குப் பிடித்த இடமும். மண் எடுத்தவர்களே அதற்கு வீடு கட்டிக்கொடுத்த மாதிரி. ஆனால் சில வாரம் கழித்து அதே சுவரை மறுபடி வெட்டினால் முட்டையும் குஞ்சும் லாரியில் ஏறிப் போய்விடும். அடைகாக்க ஏறக்குறைய பதினான்கு நாள், குஞ்சு வெளியே வர அதற்கு மேல் மூன்று நான்கு வாரம். மார்ச்சிலிருந்து ஜூன் வரை, சுவரில் பறவை நுழைகிற அளவுக்குப் பெரிதான பொந்துகளும் அவற்றின் கீழே புதிதாகச் சரிந்த மண்ணும் தெரிந்தால், டிரைவரிடம் சொல்லி அந்தச் சுவரை விட்டுக் குளத்தின் வேறு பக்கத்தில் வெட்டச் சொல்லுங்கள்.